அறுபது என்று யார் சொன்னது?

கேள்வி: முதுமையியலில் கலாநிதிப் பட்டம் செய்ய ஆசை. "திருகோணமலையில் இருந்துகொண்டு கிழவர்களைப் பற்றி என்ன ஆராய்ச்சி?" என்று வீட்டில் சிரிக்கிறார்கள். (வாசகி, உப்புவெளி)

பதில்: சிரிக்கிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: ஒருவர் எந்த வயதில் முதியவர் ஆகிறார்? ஊழியர் சேமலாப நிதி ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 என்று கணக்கை முடித்துக் காசைக் கையில் கொடுக்கும். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 60க்கு முன் யாரையும் முதியவராக ஏற்காது. முதியோர் கொடுப்பனவுக்கோ 70 ஆக வேண்டும். ஆக, ஒரே பெண்மணி ஒரே நாட்டில் மூன்று தடவை கிழவி ஆகிறார். இந்த எண்கள் எல்லாம் மேசையில் பிறந்தவை. குச்சவெளிக் கரையில் கரைவலை இழுப்பவருக்கு மாதச் சம்பளமும் இல்லை, சேமலாப நிதியும் இல்லை. 1990இல் மீனவருக்கு ஓய்வூதியச் சட்டம் வந்தது உண்மைதான். ஆனால் தவணை கட்டி வந்தவருக்கே அதில் பலன். கயிறு கனக்கத் தொடங்கும் நாள்தான் அவருடைய முதுமை. அது 48இலும் வரலாம், 70 தாண்டியும் வராமல் இருக்கலாம். சம்பூர்ப் பக்கம் போனால் கணக்கு இன்னும் குழம்பும். 2006இல் இடம்பெயர்ந்தவர்களுக்குக் காணி திரும்பக் கிடைக்கத் தொடங்கியது 2015இல்தான். 60இல் தோட்டக்காரராகப் புறப்பட்டு 69இல் பற்றைக்காட்டுக்குத் திரும்பியவருக்கு இடையில் கூடியது ஒன்பது வயது மட்டும்தானா? முதுமை என்பது ஆண்டுக் கணக்கு அல்ல, வேலையும் நிலமும் சேர்ந்து போடும் கணக்கு என்பது என் கட்சி. அதை நிறுவவோ உடைக்கவோ நம் துறைமுக மாவட்டத்தைவிட நல்ல களம் எது?

கேள்வி: அது டாக்குத்தர்மார் பார்க்க வேண்டிய வேலையல்லவா? (வாசகர், மூதூர்)

பதில்: அவர்கள் பார்ப்பது முதியோர் மருத்துவம். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1978இலேயே, டொக்டர் வி. எஸ். நடராஜன் முன்னின்று அதற்குத் தனிப் பிரிவு தொடங்கினார். முதுமையியல் அதைவிட அகலம். 1903இல் அதற்குப் பெயர் வைத்த மெச்னிகோவ், புளித்த பாலில் நீண்ட ஆயுள் இருக்கிறது என்று நம்பியவர். 71இல் போய்ச் சேர்ந்தார். கிண்ணியாத் தயிர் கிடைத்திருக்காது போலும். உங்கள் பக்கத்தையே எடுங்கள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை, நகரத்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டிய மூதாட்டி படகுப் பாதைக்காக வெயிலில் காத்து நின்றார். அவருடைய முழங்காலுக்கு அந்தப் பாலம் செய்த உபகாரத்தை எந்தத் தைலமும் செய்திராது. மருந்துச் சீட்டில் பாலம் எழுத முடியாது, ஆய்வேட்டில் எழுதலாம்.

கேள்வி: நம் மாவட்டம் இளமையானது. இருக்கிற முதியவர்களையும் பிள்ளைகள் பார்த்துக்கொள்கிறார்கள். பிறகு என்ன அவசரம்? (வாசகர், கிண்ணியா)

பதில்: இளமையானது என்பது சரி, நாட்டுச் சராசரியோடு பார்த்தால் நாம் பொடியன்கள்தான். ஆனால் நாடு ஓடுகிற வேகத்தைப் பாருங்கள். 65 வயதைத் தாண்டியோர் 2012 குடிசன மதிப்பீட்டில் 7.9 சதவீதம், 2024இல் 12.6. பிரான்ஸில் 7 சதவீதம் 14 ஆக 115 ஆண்டுகள் எடுத்தன. அவர்கள் பேரன் காலம்வரை ஆறுதலாக ஏறிய படியை நாம் ஓட்டமாக ஏறுகிறோம். இளமையாக இருக்கும்போதே அளக்கத் தொடங்க வேண்டும் என்பதற்கு அதுவே காரணம். இன்று 30 வயதில் சீனன்குடாவில் மூட்டை சுமப்பவரின் முதுகை இப்போது குறித்து வைக்காவிட்டால், 60இல் அது ஏன் வளைந்தது என்று எவராலும் சொல்ல முடியாது. பிள்ளைகள் விஷயத்தில் உங்களோடு பாதி ஒத்துப்போகிறேன். அவர்கள் காசு அனுப்புகிறார்கள், மத்திய கிழக்கிலிருந்தும் கொழும்பிலிருந்தும். தண்ணீர் எடுத்துக் கொடுக்கும் கைதான் ஊரில் இல்லை. அந்த 2000ஆம் ஆண்டுச் சட்டம் பராமரிப்புக் கேட்டு முறையிட ஒரு சபையையே அமைத்திருக்கிறது. எல்லாப் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டால் அந்தச் சபைக்கு என்ன வேலை?

கேள்வி: சரி, எங்கே, எப்படித் தொடங்குவது? (மீண்டும் உப்புவெளி வாசகி)

பதில்: அமெரிக்காவில் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் 1975இலேயே இதற்குத் தனிக் கல்லூரி கட்டிவிட்டது. இங்கே நீங்கள் பக்கத்து வாசலால் நுழையலாம்: சமூகவியல், பொருளியல், கொழும்பில் குடித்தொகையியல். சித்த மருத்துவத்தின் காயகற்பம் பற்றிக் கேட்கக் கோணேசபுரி வளாகத்தில் அதற்கென்று ஒரு பீடமே இருக்கிறது. நுழைந்ததும் வினாக்கொத்தில் 'வயது' என்ற கட்டத்தை அப்படியே நம்பாதீர்கள். போரிலும் கடல்கோளிலும் பிறப்புச் சான்றிதழைத் தொலைத்தவர்கள் இங்கே நிறைய. பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு, 1942 ஏப்ரலில் யப்பான்காரன் குண்டு போட்டபோது பிறந்திருந்தாரா, 1957இல் வெள்ளைக்காரக் கடற்படை போனபோது பள்ளிக்கூடம் போனாரா, 1964 சூறாவளிக்குள் கலியாணம் முடிந்ததா என்று கேளுங்கள். அந்த வயதும் அடையாள அட்டை வயதும் ஒத்துவராவிட்டால் கவலை வேண்டாம். உங்கள் முதல் அத்தியாயம் கிடைத்துவிட்டது.