ஆம்பு பேக் கைவகை விளக்கம்

மூச்சு நின்றவர் முகத்தில் மாஸ்க்கை வைத்து, ஆம்பு பேக்கை அமுக்கிக் காற்றேற்றும் கை தொகையான் ஒன்று. வகையான் இரண்டு: பிடிக்கும் கை, அமுக்கும் கை. விரியான் எண்ணில, வார்டுக்கு வார்டு புதிது பிறந்துகொண்டே இருப்பதால். பையைப் பற்றிப் பேசினோர் பலர், கையைப் பற்றிப் பேசினோர் சிலர். ஆகவே இச்சிற்றுரை எழுந்தது என்க.

வரலாறு சிறிது. 1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, மாணவர்கள் சுமார் 1,500 பேர் முறை வைத்து இரவும் பகலும் பை அமுக்கி நோயாளிகளைக் காத்தார்கள். அவர்களை இத்துறையின் ஆதி ஆசிரியர்களாகக் கொள்ளலாமோ எனின், கொள்ளலாகாது. அங்கே தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகியிருந்தது. மாஸ்க் பிடிக்கும் தொல்லையே அவர்களுக்கு இல்லை. இத்துறையில் அத்தொல்லை தொடங்கியது 1956இல். அதே டென்மார்க்கில் மயக்கவியல் மருத்துவர் ஹென்னிங் ரூபனும் பொறியாளர் ஹோல்கர் ஹெஸ்ஸேயும், அமுக்கி விட்டால் தானே உப்பிக்கொள்ளும் இந்த ஆம்பு பேக்கைக் கொண்டுவந்தார்கள். முதல் மாதிரியை உள்ளிருந்து உப்பவைத்தவை சைக்கிள் கம்பிகள்.

இனிப் பிடிக்கும் கை. அதில் முதலாவது ஒருகைப் பிடி. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாஸ்க்கின்மேல் ஆங்கில ‘சி’யாக வளையும், மற்ற மூன்றும் தாடை எலும்பில் ‘இ’யாக நிற்கும். பாடப்புத்தகப் படத்தில் பார்க்க வெகு லட்சணம். தனியாளுக்கு இதைவிட்டால் வேறு கதியும் இல்லை, இன்னொரு கை பைக்கு வேண்டுமே.

இப்பிடி அழுத்துவார் பிடி, தூக்குவார் பிடி என இருபாற்படும். அழுத்துவார், காற்று கசியும் ஓசை கேட்டதும் மாஸ்க்கை முகத்தில் இன்னும் பலமாக அழுத்துவார். அழுத்த அழுத்தத் தாடை இறங்கும். நாக்கு பின்னே சரிந்து தொண்டையை அடைக்கும். கசிவு நிற்கும், காற்று உள்ளே போவதும் நிற்கும். தூக்குவாரோ மாஸ்க்கை இருந்த இடத்தில் இருத்தி, தாடையை அதை நோக்கி ஏற்றுவார். முகம் மாஸ்க்கிடம் வரவேண்டும் என்பதே இந்நூலின் கொள்கை, மற்றதெல்லாம் உரை. எலும்பை விட்டுத் தாடைக்கு அடியிலுள்ள மெத்துச்சதையில் விரலை ஊன்றுவாரும் உளர். அவரும் நாக்கையே மேலே தள்ளுகிறார் ஆதலால் அழுத்துவாருள் அடங்குவர்.

இரண்டாவது இருகைப் பிடி. இரு பக்கமும் அதே ‘சி-இ’யை இடுவது ஒன்று. உயர்ந்தது மற்றொன்று, அதற்கு யாம் இடும் பெயர் சுக்கிர மேட்டுப் பிடி. கைரேகைக்காரர்கள் சுக்கிர மேடு என்று காட்டும் கட்டைவிரல் அடிச்சதை இரண்டும் மாஸ்க்கின் இரு ஓரங்களில் படியும். கட்டைவிரல்கள் நோயாளியின் காலை நோக்கி நீளும். மற்ற நான்கு விரல்களும் தாடைக் கோணத்தின் பின்னே கொக்கியிட்டு முன்னே இழுக்கும். சுகபோகம் சொல்லும் மேட்டுக்கு இப்படியும் ஓர் உத்தியோகம். அங்கே தசை தடித்திருப்பதால் கை சீக்கிரம் சோராது. மயக்க மருந்தில் மூச்சு நின்றிருந்தவர்களிடம் செய்து 2010இல் வெளியான அமெரிக்க ஆய்விலும், ஒருகைச் ‘சி-இ’யைவிட இரு கையால் தாடை தூக்கிப் பிடித்ததே அதிகக் காற்றைச் செலுத்தியது.

அங்ஙனமாயின், கட்டிலருகே நாலு பேர் நிற்கும்போதும் ஒருவரே ஒரு கையால் பிடித்து மறு கையால் அமுக்குவது என்னை? அது சீனியாரிட்டி. இலக்கணத்துள் அடங்காது. பிடிப்பது வேலை, அமுக்குவது கைங்கரியம். அனுபவசாலி மாஸ்க்கைப் பிடிக்க, புதியவர் பையை அமுக்கட்டும் என்பதே எம் துணிபு.

அமுக்கும் கையில் விரித்துரைக்க அதிகமில்லை. பெரியவர்களுக்கான பை சுமார் 1,500 மி.லி. கொள்ளும், வேண்டுவதோ 500 முதல் 600 வரை, அதாவது மார்பு எழுவது கண்ணுக்குத் தெரியுமளவு. பேராசைக் கை முழுப்பையையும் பிழியும். மிச்சக் காற்று வயிற்றுக்குப் போய், வயிற்றில் உள்ளதை மேலே அனுப்பிவைக்கும். அவசரக் கை, பை தன் சொந்த நெஞ்சோடு சேர்ந்து துடிக்க வேண்டும் என்று எண்ணும். நாடி இருந்து மூச்சு மட்டும் நின்றவருக்கு 6 விநாடிக்கு ஒருமுறை போதும். ஆனால் 2004இல் வெளியான மில்வாக்கி ஆய்வில், இதயம் நின்றவர்களுக்குத் தேர்ந்த பணியாளர்களே நிமிடத்துக்குச் சராசரி 30 முறை காற்றேற்றியது பதிவானது. நெஞ்சுக்கூட்டில் அழுத்தம் ஓயாதபோது இதயத்துக்கு ரத்தம் திரும்பாது. மூன்றாவது அளவுக் கை; எண்ணிக்கொண்டே அமுக்கும். அரிது.

புறனடை. கைக்குழந்தைக்குப் பையை அமுக்க விரல் நுனிகளே போதும். மாஸ்க் கண்மேல் ஏறலாகாது. தாடி மீசை வளர்த்தோருக்கு ஜெல்லி தடவுக. பல்செட் கட்டியவருக்கு, மாஸ்க் பிடித்திருக்கும் வரை அது வாயிலேயே இருப்பது நலம், கன்னம் குழியாது. அதை ஏற்கெனவே கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து மருமகள் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தால், மாஸ்க்கின் கீழ்விளிம்பைக் கீழுதட்டுக்கு மேலே ஏற்றி வைத்துப் பார்க்க.