கடைமடையில் கயிலை: வி.ஆர். தலைக்கருவிக்கும் கணினிக்கும் உள்ள யூ.எஸ்.பி. பிணக்கு பற்றித் திருவையாற்றிலிருந்து ஓர் ஆய்வு

முன்னுரை

மெய்நிகர் காட்சி மேல்நாட்டார் கண்டது என்று எழுதிவைத்திருக்கிறார்கள். 1968-இல் ஹார்வர்டில் ஐவன் சதர்லாண்ட் என்பவர் தலையில் மாட்டிப் பார்க்கும் கருவி ஒன்றைச் செய்தாராம். கனம் கழுத்துக்கு ஆகாது என்பதால் அதைக் கூரையிலிருந்து தொங்கவிட்டாராம். திருவையாற்றுக்காரர் எவரும் இந்த வரலாற்றை அப்படியே ஒப்புக்கொள்ளமாட்டார்.

ஏழாம் நூற்றாண்டில் அப்பர் என்னும் திருநாவுக்கரசர் கயிலையைக் காணப் புறப்பட்டார். கால் தேய்ந்து, கை தேய்ந்து, கடைசியில் உடம்பாலேயே ஊர்ந்து போனார். வடக்கே ஒரு பொய்கையில் மூழ்கச் சொன்னது தெய்வம். மூழ்கியவர் எழுந்தது ஐயாற்றுக் குளத்தில். இணை இணையாக விலங்குகளும் பறவைகளும் எதிர்வர, கயிலைக் காட்சி முழுவதையும் இவ்வூரிலேயே கண்டார் என்கிறது சேக்கிழாரின் பெரியபுராணம். இன்றும் ஆடி அமாவாசைக்கு ஐயாறப்பர் கோயிலில் அந்த விழா நடக்கிறது. தலையைத் திருப்பியதிலிருந்து 20 மில்லி நொடிக்குள் படமும் திரும்பாவிட்டால் பார்ப்பவருக்குக் குமட்டும் என்கிறார்கள் இத்துறை வல்லுநர்கள். அப்பருக்குக் குமட்டியதாகச் சேக்கிழார் பாடவில்லை. கேபிள் இருந்ததாகவும் பாடவில்லை.

இப்பேர்ப்பட்ட ஊரில், ஒரே மேசையில் இருக்கும் கணினியும் தலைக்கருவியும் ஒன்றையொன்று அடையாளம் தெரியாததுபோல் இருப்பது தலத்துக்கே இழுக்கு. இவ்வாய்வின் தேவை அதுவே.

களமும் கருவிகளும்

களம், காவிரிக் கரைப் பக்கம் ஒரு பழைய வீட்டுக் கூடம். ஆய்வுப் பொருள், அண்ணன் மகன் வெளிநாட்டிலிருந்து தருவித்த தலைக்கருவி ஒன்று. செய்த கம்பெனியின் பெயர் நாகரிகம் கருதி விடப்படுகிறது. கூடவே அவனுடைய விளையாட்டுக் கணினி, ஒரு பிளாஸ்டிக் கூடை நிறைய கேபிள். தலைக்கருவியை மாட்டிக்கொண்டு திரும்பும்போது கேபிள் காலைச் சுற்றுவதால், கூடத்து ஊஞ்சலைக் கழற்றிவிட்டு அந்தக் கொக்கியில் கேபிளை மாட்டினோம். சதர்லாண்ட் 1968-இல் அரும்பாடுபட்டு எட்டிய நிலையைத் தஞ்சை மாவட்டத்து வீடுகள் ஊஞ்சலின் தயவில் முன்பே எட்டியிருந்தன என்பது இக்கட்டுரையின் துணை முடிவு.

அளவை

சைவ சாத்திரம் காட்சி, கருதல், உரை என்ற மூன்றையும் அளவைகளாகக் கொள்ளும். நம் வழக்கில் காட்சி உதவாது; கருவிக்குள் தெரிவது இருட்டு மட்டும். உரை என்ற வகையில் பெட்டிக்குள் ஒரு கையேடு இருந்தது. பல மொழிகளில் அது சொன்னதெல்லாம், கழற்றி மீண்டும் மாட்டவும் என்பதே. எஞ்சியது கருதல். ஆனால் திருவையாற்றில் நான்காவதாக ஓர் அளவை உண்டு. அது காது.

யூ.எஸ்.பி.யில் ஒன்றைச் செருகினால் விண்டோஸ் கணினி கீழிருந்து மேலே ஒலிக்கும். அது கழன்றால் மேலிருந்து கீழே ஒலிக்கும். இரண்டு நாளாக இந்த ஒலியைக் கேட்டுக்கொண்டிருந்த எதிர்வீட்டு வாய்ப்பாட்டு ஆசிரியர் திண்ணைக்கு வந்து நின்றார். “ஏம்ப்பா, ஆரோகணம் வருது, வந்த கையோட அவரோகணமும் வந்துடுது. நடுவுல நிக்கவே மாட்டேங்குதே, என்னத்த வாசிக்கிறான் உன் புள்ள?” என்றார்.

இத்துறையில் இதைவிடத் துல்லியமான நோயறிதலை நான் கண்டதில்லை. ஏறுவதும் இறங்குவதுமாக மாறி மாறிக் கேட்டால் இணைப்பு உண்டாகி அறுகிறது என்று பொருள். கேபிளையும் மின்சாரத்தையும் சந்தேகிக்கவேண்டும். ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் ஒரே இடத்தில் தடுக்கிக்கொண்டு நின்றால், ஏதோ வந்திருக்கிறது, யாரென்று கணினிக்குத் தெரியவில்லை, டிரைவரைப் பார்க்கவேண்டும். சத்தமே இல்லையென்றால் கேபிளில் செய்திக் கம்பியே இல்லாமல் இருக்கலாம். சார்ஜ் ஏற்ற மட்டும் செய்த மலிவுக் கேபிள்கள் அப்படித்தான். விளக்கு எரியும், சார்ஜ் ஏறும், வேறெதுவும் நடக்காது.

பரபக்கம்

பிறர் மதங்களை முதலில் மறுப்பது மரபு.

பிடுங்கல் வாதிகள் தொகையில் பெரியவர்கள். பிடுங்கிச் சொருகினால் எல்லாம் சரியாகும் என்பது இவர்கள் கொள்கை. இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஒவ்வொரு முறை சொருகும்போதும் கணினி, ‘நீ யார், உனக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும்’ என்று புதிதாக விசாரிக்கிறது. முதல் விசாரணையில் உளறிய கருவி அடுத்ததில் சரியாகப் பதில் சொல்லலாம். ஆனால் அது ஏன் உளறியது என்ற கேள்விக்கு இவர்களிடம் விடை இல்லை.

திருப்பல் வாதிகள் வரலாற்றுச் சிறப்பு உடையவர்கள். தட்டையான பழைய யூ.எஸ்.பி. முனையைச் செருகி, போகவில்லை என்று திருப்பி, அதுவும் போகவில்லை என்று மறுபடி திருப்பி முதல் பக்கத்திலேயே வெற்றி காண்பது உலகப் பொது அனுபவம். 1996-இல் வெளிவந்த இந்த ஏற்பாட்டை இன்டெல் நிறுவனத்தில் உருவாக்கிய குழுவில் முதன்மையானவர் வடோதராவில் படித்த அஜய் பட். இரண்டு பக்கமும் பொருந்தும்படி செய்தால் கம்பியும் சுற்றும் இரட்டிப்பாகி விலை கூடும் என்பதால் ஒரு பக்கத்தோடு நிறுத்தினோம் என்று அவர் பின்னாளில் விளக்கம் தந்தார். 2014-இல் டைப்-சி வந்ததும் இந்த மதம் அழிந்துவிட்டது என்று பலர் எழுதினார்கள். அவசரத் தீர்ப்பு அது. டைப்-சி முனையில் 24 தொடுமுனைகள். அதிவேகக் கம்பிகளுக்கு ஒவ்வொரு பக்கத்திலும் தனித்தனி இணை உண்டு. ஒரு பக்கத்து இணையில் தூசு அடைந்திருந்தால் அப்படிச் செருகும்போது மெதுவான யூ.எஸ்.பி. 2-ஆகவும், திருப்பிச் செருகினால் வேகமான யூ.எஸ்.பி. 3-ஆகவும் அதே கேபிள் வேலை செய்யும். ஆகவே திருப்பல் வாதிகளை முற்றிலும் ஒதுக்க முடியாது. அரைச் சித்தாந்திகள் என்று கொள்ளலாம்.

பார்மட் வாதிகள் கணினியை அழித்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாக ஏற்றச் சொல்பவர்கள். தஞ்சாவூரிலிருந்து பைக்கில் வருவார்கள். இவர்களை வாசலிலேயே மோர் கொடுத்து அனுப்பிவிடவேண்டும்.

கடைசியாகக் கருவி நிந்தனையார். படம் வராதது தலைக்கருவியில், ஆகவே குற்றமும் தலைக்கருவியில் என்பது இவர்கள் முடிபு. பாதி விலைக்கு விற்றுவிடுவார்கள். டெல்டாவில் பிறந்தவர் இந்த மதத்தில் சேருவது மன்னிக்க முடியாதது. ஏனென்று அடுத்துக் கூறுகிறேன்.

சுபக்கம்: தலைமடைக் கோட்பாடு

கடைமடையில் தண்ணீர் வரவில்லை என்றால் கடைமடைக்காரனின் வயலைக் குறை சொல்பவர் உண்டா? தலைப்புக்குப் போவோம். வரும் வழியில் எந்த மதகு இறங்கியிருக்கிறது என்று பார்ப்போம். தலைக்கருவி என்பது கடைமடை வயல். படத்தைக் கணினியின் கிராபிக்ஸ் கார்டு சுருக்கி அனுப்ப, அது யூ.எஸ்.பி. வழியே ஓடிவந்து கருவிக்குள் விரிகிறது. குற்றம் தேடவேண்டியது மேலிருந்து கீழே.

முதலில் போர்ட். மேசைக் கணினியின் முன்பக்க போர்ட் கைக்கு வசதியானது, ஆனால் அது கிளை வாய்க்கால். பெட்டிக்குள்ளே மெல்லிய ஒயர் ஒன்று மதர்போர்டிலிருந்து அதுவரை நீள்கிறது. பின்பக்க போர்ட்டுகளோ மதர்போர்டிலேயே பற்றவைத்தவை. பின்பக்கமே தலைமடை. இடையில் ஹப் வைத்து நாலைந்து கருவிகளைச் செருகியிருப்பவர்கள், எல்லாருக்கும் ஒரே வாய்க்காலில் தண்ணீர் கேட்கிறார்கள் என்பதை உணரவேண்டும்.

“அதான் பின்னாடி ஆறு போர்ட் இருக்கே சித்தப்பா” என்றான் பையன். இங்கேதான் ஊரின் பெயர் ஆய்வுக்கு உதவியது. திருவையாற்றைச் சூழ ஐந்து ஆறு என்கிறோம்: காவிரி, குடமுருட்டி, வெண்ணாறு, வெட்டாறு, வடவாறு. மேலே போய்ப் பார்த்தால் குடமுருட்டி திருக்காட்டுப்பள்ளியில் காவிரியிலிருந்து பிரிகிறது. வெட்டாறும் வடவாறும் தென்பெரம்பூரில் வெண்ணாற்றிலிருந்து பிரிகின்றன. அந்தக் காவிரியும் வெண்ணாறும் கல்லணையில் பிரிபவை. எண்ணிக்கையில் ஐந்து, தலைப்பில் இரண்டு, அதற்கும் மேலே ஒன்று. கணினியின் முதுகிலும் அப்படியே. வெளியே ஆறு போர்ட் தெரியும். உள்ளே அவற்றை ஆளும் கன்ட்ரோலர் ஒன்றோ இரண்டோதான். 2016-இல் வந்த தலைக்கருவிகள் சிலவற்றுக்கு அறையைச் சுற்றி சென்சார்கள் வைத்து ஒவ்வொன்றையும் யூ.எஸ்.பி.யில் இணைக்கவேண்டியிருந்தது. எல்லாம் ஒரே கன்ட்ரோலரில் விழுந்து, நெரிசலில் ஒன்று மாற்றி ஒன்று மறைந்துகொண்டிருந்தன. பலர் தனியாக யூ.எஸ்.பி. கார்டு வாங்கிப் பொருத்தித் தப்பித்தார்கள். தனி ஆறு வெட்டினார்கள் என்க.

“உங்க காவிரிக் கதைய அப்புறம் வச்சுக்கலாம், ரீஸ்டார்ட் பண்ணட்டுமா?” என்றான். ஆய்வாளர்களுக்கு இது பழகிய அவமதிப்பு.

அடுத்தது வாய்க்காலின் அகலம். யூ.எஸ்.பி. 2 நொடிக்கு 480 மெகாபிட் கொள்ளும் என்பது ஏட்டுக் கணக்கு. கைக்கு வருவது அதிலும் குறைவு. 2008-இல் வந்த யூ.எஸ்.பி. 3 நொடிக்கு 5 கிகாபிட். இரண்டு வகைக் கேபிளும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதுதான் இத்துறையின் பெரிய சோகம். போனோடு வரும் டைப்-சி கேபிள்களில் பெரும்பாலானவற்றில் யூ.எஸ்.பி. 2 கம்பிகள் மட்டுமே உண்டு. நீளமும் கணக்கில் வரும். சாதாரணச் செம்புக் கம்பியில் யூ.எஸ்.பி. 3 ஏறத்தாழ 3 மீட்டர் தாண்டினால் தளர்ந்துவிடும். அதனால்தான் 5 மீட்டர் நீளத்தில் செய்கிறவர்கள் உள்ளே ஒளியிழை வைக்கிறார்கள், விலையும் அப்படி.

மின்சாரம் தனிக் கணக்கு. யூ.எஸ்.பி. 2 போர்ட் 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர் தரும், யூ.எஸ்.பி. 3 போர்ட் 900. இந்த அளவில் சிக்கனமாகத் தரும் போர்ட்டில் செருகினால், விளையாடும்போது கருவி குடிப்பது அதைவிட அதிகமாக இருக்கும். கேபிள் மாட்டியபடியே பேட்டரி இறங்கும். வரத்தைவிடத் திறப்பு கூடினால் மேட்டூர் அணையில் 120 அடியும் இறங்கத்தானே செய்யும்? இதைக் கோளாறு என்று எண்ணிப் பதறவேண்டாம்.

இனி, ஆய்வின் மையமான குற்றவாளி. கணினிக்குள், ஆற்று மதகைக் காக்கும் லஸ்கர் போல ஒருவர் இருக்கிறார். மின்சாரத்தை மிச்சப்படுத்த, சும்மா இருக்கும் யூ.எஸ்.பி. மதகுகளை அவ்வப்போது இறக்கிவிடுவது அவர் பணி. யாரும் சொல்லாமலே இறக்குவார், பிறகு ஏற்ற மறந்துவிடுவார். விண்டோஸில் பவர் ஆப்ஷன்ஸ் உள்ளே யூ.எஸ்.பி. செலக்டிவ் சஸ்பெண்ட் என்று ஒன்று இருக்கும், அதை நிறுத்தவேண்டும். டிவைஸ் மேனேஜரில் யூ.எஸ்.பி. ரூட் ஹப் ஒவ்வொன்றையும் திறந்து, மின்சாரம் மிச்சம் பிடிக்க இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற இடத்தில் இருக்கும் டிக்கை எடுக்கவேண்டும். எடுத்தோம். எதிர்வீட்டுக்காரர் குறைசொன்ன அவரோகணம் நின்றது.

அப்போதும் படம் வரவில்லை. தலைக்கருவியைப் பையன் மேசையில் கழற்றி வைத்திருந்தான். ‘இந்தக் கணினிக்கு அனுமதி தரலாமா’ என்று கருவி உள்ளுக்குள் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. உள்ளே கேட்கும் கேள்வியை வெளியே நின்றவர்கள் எப்படிப் பார்ப்பது? தலையில் மாட்டி, சரி என்று அழுத்தியதும் இணைந்தது.

தூர்வாருதலையும் சொல்லிவிடவேண்டும். ஜூன் 12 மேட்டூர் திறக்கும் வழக்கமான நாள். அதற்குமுன் ஆறுகளைத் தூர்வாருவது போல் டைப்-சி துளையையும் வாரவேண்டும். உள்ளே பஞ்சும் தூசும் சேரும். கருவியை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெல்ல எடுக்கலாம். ஊக்கு கூடாது.

எச்சம்

எல்லாம் சரியான பிறகு, ஒயர் இல்லாத மவுஸ் தடுமாறத் தொடங்கியது. யூ.எஸ்.பி. 3 வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும் என்று இன்டெலே 2012-இல் எழுதிவைத்திருக்கிறது. மவுஸின் ரிசீவரைத் தலைக்கருவியின் பக்கத்து போர்ட்டிலிருந்து முன்பக்கத்துக்கு மாற்றினோம். முன்பக்க போர்ட்டுக்கும் ஒரு பயன் கிடைத்தது.

எதிர்வீட்டு ஆசிரியருக்கும் ஒருமுறை மாட்டிக் காட்டினோம். பனிமலைக் காட்சி ஒன்று. சுற்றிப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு, கோயில் பிரகாரத்துல ஐயாறான்னு கூப்பிட்டா ஏழு தடவ திரும்பி வரும், இதுல அது வருமா?” என்றார். அதற்கு அப்டேட் வரவில்லை.

வாசகர்களுக்கு ஒன்று. கேபிள் வாங்கும்போது உறையில் 5 கிகாபிட் என்றோ அதற்கு மேலோ அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கடைக்காரர் எவ்வளவு சத்தியம் செய்தாலும் வாங்காதீர்கள். அந்தப் பணத்துக்குத் திருவையாற்றுக் கடைத்தெருவில் அசோகா அல்வா கிடைக்கும்.