நகரி மூக்குக்கு ஒரு காத்தாடி

வா மாப்ளே, உக்காரு. நகரி மூக்கு மலை மேல காத்தாடி நட்டு, கரண்டு வித்து, கோடீஸ்வரன் ஆகப்போறியாமே? கம்பெனிக்குப் பேரு வெச்சாச்சு, விசிட்டிங் கார்டு அடிச்சாச்சு. காத்தை மட்டும் இன்னும் யாரும் கலந்துக்கலை. நல்ல ஆரம்பம்!

தாய்மாமன்கிற உரிமையில நாலு வார்த்தை சொல்றேன். கேட்டுட்டு உன் இஷ்டப்படியே செய். எப்படியும் நீ அதத்தான் செய்வே.

"மலைன்னா காத்தடிக்கும் மாமா"ங்கிறே. அடிக்கும். என்னிக்கு அடிக்கும், எவ்வளவு அடிக்கும்? காத்தோட கணக்கு கந்துவட்டிக் கணக்கு மாதிரி. வேகம் ரெண்டு மடங்கானா அதுல இருக்கிற சக்தி எட்டு மடங்கு. வேகம் பாதியாச்சுன்னா, எட்டுல ஒரு பங்குதான். ஆடி மாசம் வேட்டி பறக்கிறதப் பாத்துட்டு நீ பேங்க்ல கடன் வாங்குவே. காத்து ஓஞ்ச மாசத்துலயும் தவணை மட்டும் ஓயாது. அதனால மொதல்ல கம்பம் நட்டு, காத்துவேகம் அளக்கிற கருவிய மாட்டி, ஒரு வருஷமாவது எழுதி வை. அப்புறம் அந்த நீள இறக்கைய எந்த ரோட்டுல மேல ஏத்துவேன்னு யோசி. மூக்கு மேல ஏறுறதுக்கு ஆட்டுக்கே வழி சரியா இல்லை.

"திருமலையில பாபவிநாசம் பக்கம் காத்தாடி சுத்துதே"ன்னு கேப்பே. சுத்துது. அங்க மேல வரைக்கும் பஸ் போற ரோடு இருக்கு, கம்பி இருக்கு, ராத்திரி பகல்னு பாக்காம கரண்டு தின்னுற ஊரே இருக்கு. உன் மூக்கு மேல யாரு இருக்கா? வௌவாலுக்கு மீட்டர் வெச்சுப் பில்லு போடப்போறியா?

திருமலையில நீ பாக்கவேண்டியது காத்தாடிய இல்லை, அடுப்பை. 2002-ல அன்னதானச் சமையலுக்கு வெயில்லயே நீராவி எடுக்க ஏற்பாடு பண்ணாங்க. குழிவான 106 கண்ணாடித் தட்டு, ஒவ்வொண்ணும் 9.2 சதுர மீட்டர். சூரியன் நகர நகரத் தட்டும் திரும்பும். வெயில் ஒரே இடத்துல குவிஞ்சு தண்ணியைக் கொதிக்க வைக்கும். ஒரு நாளைக்கு 4,000 கிலோவுக்கு மேல நீராவி, 180 டிகிரி சூட்டுல, குழாய் வழியா சமையக்கட்டுக்கு வர்ற மாதிரி கட்டினாங்க. சுமார் 15,000 பேருக்கு ரெண்டு வேளைச் சோறும் சாம்பாரும் ஆக்கலாம். ஆன செலவு சுமார் 1 கோடியே 10 லட்சம். வருஷத்துக்கு 1,18,000 லிட்டர் டீசல் மிச்சம்னு கணக்குப் போட்டாங்க. கல்யாணத்துக்குக் குபேரன்கிட்ட வாங்கின கடனுக்கு இன்னும் வட்டி கட்டிட்டிருக்கிற சாமி, டீசல்ல மிச்சம் பிடிக்காம வேற எதுல பிடிப்பாரு?

அதுல ரெண்டு சூட்சுமம் மாப்ளே. பழைய பாய்லரை அவங்க தூக்கி எறியலை. மேகம் மறைச்சா அது கைகொடுக்கும், பசியோட வந்தவனுக்கு "வெயில் வரட்டும்"னு சொல்லமுடியாதில்ல. இன்னொண்ணு, கண்ணாடியத் துடைக்கணும். தூசி படிஞ்சா சூரியன் வந்தும் பிரயோஜனமில்லை. நம்மாளுங்க ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோலோட வரிசையில நிப்பாங்க. அடுத்த நாள் துணி எடுக்கச் சொல்லு, ஒருத்தன் இருக்கமாட்டான். உன் கம்பெனியில டைரக்டர் நாலு பேராமே? துடைக்கிறவன் எத்தனை பேரு?

இன்னொரு வேடிக்கை பாரு. 2022 செப்டம்பர்லேர்ந்து திருப்பதி மலைப்பாதையில கரண்டு பஸ் ஓடுது. ஏறும்போது பேட்டரியத் தின்னும். இறங்கும்போது டிரைவர் வேகத்தைக் குறைச்சா, அதே மோட்டார் கரண்டு உண்டாக்கிக் கொஞ்சத்தைத் திருப்பிப் பேட்டரியில போடும். பிரேக்கும் அவ்வளவாத் தேயாது. மலையில இறக்கம்கூட ஒரு வெள்ளாமைதான்! ஆனா தின்னது அத்தனையும் திரும்பி வராது. வரும்னு யாராவது சொன்னா, அவனை உன் கம்பெனியில அஞ்சாவது டைரக்டராப் போட்டுக்கோ.

சரி, என்னதான் பண்றதுன்னு முறைக்கிறே. உங்கப்பன் தறி ஷெட்டு மேல கூரை சும்மா கிடக்கு. அதுல வெயில்ல கரண்டு எடுக்கிற தகட்டைப் போடு. தறி ஓடறது பெரும்பாலும் பகல்ல, சூரியன் வேலைக்கு வர்றதும் பகல்ல. உண்டாக்கின இடத்துலயே செலவாகுது. மலையும் ஏறவேணாம், யார் கால்லயும் விழவேணாம். தகட்டைத் தெக்கப் பாத்து பதிமூணு பதினாலு டிகிரி சாய்ச்சு வை, நம்ம ஊருக்கு அதுதான் வாகு. பக்கத்து வீட்டு மாடி நிழல் விழாத இடமாப் பாரு. 2024-ல வந்த மத்திய அரசோட சூர்ய கர் திட்டத்துல 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் தர்றாங்க. அது வீட்டுக்குத்தான், தறி ஷெட்டுக்கு இல்லை. ஷெட்டை வீடுன்னு காட்ட உங்கம்மாவை அங்க குடி வெச்சிடாதே. அவ என் தங்கச்சி.

இத்தனைக்கப்புறமும் மூக்கு மேலதான் காத்தாடின்னா, தாராளமா நடு. பொண்ணு வீட்டுக்காரங்க வந்து விசாரிச்சா மட்டும் பவர் கம்பெனி முதலாளின்னு சொல்லாதே. வாரத்துக்கு ரெண்டு தடவை கூரை ஏறித் தகடு துடைப்பேன்னு சொல்லு. இப்பிடி ஒருத்தன் இந்த ஜில்லாவுல கிடைக்கமாட்டான், உடனே தட்டு மாத்திடுவாங்க.