கொக்கின் தலையில் வெண்ணெய்

கொக்கிளாய்,
முல்லைத்தீவு மாவட்டம்.

இணைப்பாடவிதானப் படிவம் அனுப்பிய மேலிடத்துக்கு,

ஐயா அல்லது அம்மணி,

தரம் 10 படிக்கும் என் பேத்தியிடம் கொடுத்தனுப்பிய நான்கு பக்கப் படிவம் கிடைத்தது. இந்த ஆண்டில் பிள்ளை எந்தெந்தக் கழகத்தில் சேரும், எத்தனை மணித்தியாலம் சமூக சேவை செய்யும் என்று முன்கூட்டியே திட்டமிட்டு எழுத வேண்டுமாம். தகப்பன் கடலிலும் தாய் குவைத்திலும் நிற்பதால் பாதுகாவலர் என்ற கோட்டில் நான் ஒப்பமிட வேண்டியிருக்கிறது. அதற்கு முன் சில ஐயங்கள்.

படிவத்தை விளக்க வந்த வளவாளர் நல்ல மனிதர். செயலமர்வில் மின்சாரம் நின்ற பிறகும் பேசினாராம். 1968 இல் ஜெனீவாவில் தொடங்கிய ஐ.பி. என்ற படிப்பில், ஆக்கம், செயல், சேவை மூன்றிலும் 18 மாதம் ஈடுபடாத பிள்ளைக்கு டிப்ளோமாவே கிடையாதாம். செய்ததைப் பற்றிப் பிள்ளை ஆறுதலாக யோசித்து எழுதவும் வேண்டுமாம். அந்தக் கடைசிப் பகுதி எனக்கு மிகவும் பிடித்துக்கொண்டது. செய்து முடித்த காரியத்தைப் பற்றி யோசிக்கிற பழக்கம் இந்த நாட்டுக்கும் வரட்டும்.

முதல் நிரல், சாரணியம். இலங்கையில் சாரணியம் 1912 இல் மாத்தளையில் தொடங்கியது என்று பேத்தியின் கொப்பியில் இருக்கிறது. எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அது இன்னும் நடந்து வந்துகொண்டிருக்கிறது. பரவாயில்லை, தூரம் அப்படி. ஆனால் கூடாரம் அடித்தல், விறகு பொறுக்கி மூன்று கல்லில் சமைத்தல், இருட்டில் திசை அறிதல் எல்லாவற்றுக்கும் சின்னம் கொடுப்பார்களாமே? 1984 மார்கழியில் ஊரைவிட்டு எழும்பச் சொன்னபோது எனக்கு 21 வயது. யுத்தம் முடிந்த பிறகுதான் திரும்பி வந்தோம். இடையில் கால் நூற்றாண்டுக்கு மேல் இந்தப் பயிற்சிகள் அனைத்தையும் குடும்பத்தோடு செய்திருக்கிறோம். பழைய திகதியிட்டுச் சின்னம் தர வழியிருந்தால் சொல்லுங்கள். சட்டைக்கு நானே தைத்துக்கொள்வேன்.

அடுத்தது சுற்றாடல் முன்னோடி. ஜனாதிபதி பதக்கம் வரை போகலாமாம். பெயரிலேயே கொக்கை வைத்திருக்கிற ஊர் இது. களப்பு 1951 இலேயே பறவைகள் சரணாலயமாகிவிட்டது. பூநாரை எந்தக் காற்றோடு வரும், கூழைக்கடா எந்தத் திட்டியில் இறங்கும் என்று பேத்திக்குப் பாடம். ஆனால் பதிவதற்குப் பொறுப்பாசிரியர் வேண்டும். பள்ளி விடுவது 1.30க்கு. பஸ்ஸை விட்டால் ஆசிரியர்மார் முல்லைத்தீவுக்கு நடக்க வேண்டியதுதான். அவர்களைக் குறை சொல்லமாட்டேன், அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பறவைக்குச் சரணாலயம் கொடுத்த அரசாங்கம் ஆசிரியருக்கு ஒரு விடுதி கொடுத்திருந்தால் பேத்தியின் நிரல் இன்று வெறுமையாக இராது.

கொக்கின் தலையில் வெண்ணெய் வைத்து, அது வெயிலில் உருகிக் கண்ணை மறைக்கும்போது பிடிக்கலாம் என்பார்கள். கொக்கைக் கிட்டப் போய்த் தொட முடிந்தவன் அப்போதே பிடிக்கமாட்டானா என்று சின்ன வயதில் கேட்டு அடி வாங்கினவன் நான். ஆசிரியர் தங்காத பள்ளிக்கூடத்தில் பின்னேரக் கழகத்துக்கு நான்கு பக்கத் திட்டம் கேட்பதை அந்தப் பழமொழிக்கு விளக்கமாகச் சேர்த்துக்கொள்கிறேன். இம்முறை அடிக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

இனி, சமூக சேவை. விடிய நாலரைக்கு எழும்பி வலையில் சிக்கின நண்டைக் கழற்றுகிறாள். அது தகப்பனுடைய தொழில், சேவையில் வராது என்றார்கள். சரி. பக்கத்து வளவு ஆச்சிக்கு அஸ்வெசும என்ற அரச உதவிப்பணத்துக்கான முறையீட்டைக் கைபேசியில் நிரப்பிக் கொடுத்தாள், ஒரு தடவையல்ல, மூன்று தடவை. அதற்குக் கழகம் இல்லையாம். சிங்களத்தில் மட்டும் வருகிற கடிதங்களைச் சனம் இவளிடம்தான் கொண்டுவரும். பள்ளியில் இரண்டாம் மொழி என்று படித்ததை வைத்து எழுத்துக்கூட்டி, "இது காணி அலுவல் தாத்தா, பதினாலு நாளைக்குள்ள போகவேணுமாம்" என்று சொல்லிவிடுவாள். தமிழ் அரசகரும மொழி என்று 1987 இல் அரசியலமைப்பில் எழுதினார்கள். அதை ஊரில் நடைமுறைப்படுத்துகிற அதிகாரி பதினைந்து வயதுப் பிள்ளை. இதை ஆக்கத்தில் போடுவதா, செயலில் போடுவதா? சேவை என்றால் யாருக்குச் செய்த சேவை என்றும் ஒரு கோடு இருக்கிறது. உங்கள் பெயரை எழுதலாமா?

சிரமதானத்துக்கு மட்டும் விலக்குக் கேட்கிறேன். மேலிடத்து வாகனம் வருகிற நாளில் வாசல் புல்லைச் செருக்குவது எப்படியும் நடக்கும், அதைச் சொல்லவில்லை. நிலம் கொத்தி மரம் நடுதல் என்று படிவத்தில் இருக்கிறது. அயலிலுள்ள கொக்குத்தொடுவாயில் 2023 யூன் கடைசியில் குடிநீர்க் குழாய்க்குக் கிடங்கு வெட்டினார்கள். மனித எலும்பு வந்தது. அகழ்ந்து முடித்தபோது 52 பேருடைய எச்சங்கள். எங்கள் பக்கத்தில் பிள்ளையிடம் மண்வெட்டியைக் கொடுக்க முன் ஒருக்கா யோசிப்போம். அதற்கு எத்தனை மணித்தியாலம் என்று நீங்கள்தான் கணிக்க வேண்டும்.

நகரத்துப் பிள்ளைகளோடு எனக்குக் கோபமில்லை. பாண்ட் வாத்தியமும் விவாதமும் சதுரங்கமும் படிக்கட்டும். ஆனால் நாளைக்கு நேர்முகத்தேர்வில் அவர்கள் தடித்த கோப்பைத் திறக்கும்போது, என் பேத்தியிடம் மேசைக்கு அந்தப் பக்கத்தில் இருப்பவர், "ஓய்வு நேரத்தில் ஒன்றும் செய்யவில்லையா மகள்?" என்று அன்பாகக் கேட்பார். அந்த அன்புக்குத்தான் பயப்படுகிறேன்.

ஆகவே தாழ்மையுடன் கேட்பது இரண்டு. கிழமையில் இரண்டு நாளாவது பின்னேரம் நாலு மணிக்கு ஒரு பஸ் விடுங்கள். ஆசிரியர் நிற்பார், கழகம் தானாக வரும். அது இயலாவிட்டால், ஊர்ச் சனத்தின் கையொப்பத்தையும் கையொப்பமாக எடுங்கள். ஆச்சி பெருவிரல் வைக்கச் சம்மதம்.

இப்படிக்கு,
பாதுகாவலர்.

பிற்குறிப்பு: கண்ணில் வெண்படலம் இருப்பதால் நான் சொல்லச் சொல்ல இக்கடிதத்தை எழுதித் தந்தவள் பேத்தி. ஒரு மணித்தியாலமும் பத்து நிமிடமும். எந்த நிரலில் பதிவது என்று அறியத் தரவும்.