கார்புரேட்டர் அண்ணன்

செஞ்சியில் திண்டிவனம் சாலையோ திருவண்ணாமலை சாலையோ, எங்கே ஒரு மெஷின் நின்றுபோனாலும் அதன் சத்தம் அடங்குவதற்குள் அவர் வந்துவிடுவார். யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். மடித்துக் கட்டிய லுங்கி, சட்டைப் பையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர், வாயில் பாதி மென்ற வெற்றிலை. அவர் மெக்கானிக் இல்லை. மெக்கானிக்குகளைப் பற்றி அபிப்பிராயம் உள்ளவர். எந்த எஞ்சினில் எந்தக் கோளாறு வந்தாலும் ஒரே காரணத்தைத்தான் கண்டுபிடிப்பார் என்பதால் ஊருக்கு அவர் ‘கார்புரேட்டர் அண்ணன்’.

அவருக்கு மிகவும் பிடித்தமான நோயாளி, பெட்ரோலில் ஓடும் பிரஷர் வாஷர். கரண்டில் ஓடும் வாட்டர் சர்வீஸ் மெஷின் ஷாக் அடிக்கும் என்பதால் அதற்கு மட்டும் மரியாதை கொடுத்துத் தள்ளி நிற்பார். பெட்ரோல் வாஷர் அப்படியில்லை; கரண்ட் எட்டாத களத்துமேட்டுக்கும் வரும். நெல் அறுவடை மெஷினில் அப்பிய சேற்றையெல்லாம் பீய்ச்சிக் கழுவிவிட்டு, டேங்கில் மிச்சப் பெட்ரோலோடு அடுத்த அறுவடை வரை கொட்டகையில் தூங்கும். எழுப்பினால் எழுந்திருக்காது. அங்கேதான் அண்ணனுக்கு வேலை.

அவர் சித்தாந்தத்தில் உண்மை இல்லாமல் இல்லை. மாதக்கணக்கில் தேங்கிய பெட்ரோல் பிசினாகி, கார்புரேட்டர் ஜெட்டின் ஊசித் துளையை அடைத்துவிடும். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வேறு. அது ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். எப்போதோ ஒரு முறை அண்ணன் சொன்னபடி கார்புரேட்டரைக் கழுவியதும் ஒரு மெஷின் ஓடிவிட்டது. அன்று பிடித்தது சனி. அதற்குப் பிறகு பெட்ரோல் டேப்பைத் திறக்க மறந்திருந்தாலும் கார்புரேட்டர்தான், பிளக் கரி பிடித்திருந்தாலும் கார்புரேட்டர்தான். எஞ்சின் ஜோராக ஓடி, தண்ணீர் மட்டும் பிரஷர் இல்லாமல் வழிந்தால்கூட, “கழட்டுப்பா கார்புரேட்டரை” என்பார். நாசிலில் மணல் அடைத்திருக்கும். ஒரு குண்டூசி போதும். ஆனால் குண்டூசியில் என்ன கௌரவம் இருக்கிறது?

இன்னொரு வழக்கம், சாட்சிக்குச் சரித்திரத்தை இழுப்பது. “கோட்டைக்குள்ள இருக்கிற கல்யாண மகாலுக்கு அந்தக் காலத்துலயே மண் குழாயில தண்ணி கொண்டாந்தாங்க. பம்ப் வெச்சாங்களா, பெட்ரோல் ஊத்துனாங்களா?” என்று கோட்டைப் பக்கம் கை நீட்டுவார். மெஷின்காரர் இதற்கு என்ன பதில் சொல்வது? அதே கோட்டையை முகலாயத் தளபதி ஜுல்பிகார் கான் 1690-இல் வளைத்தார்; 1698-இல்தான் அவரால் உள்ளே போக முடிந்தது. கழற்றுவதில் அண்ணன் அவ்வளவு மெதுவில்லை, கால் மணி நேரத்தில் நாலு போல்ட்டும் தரையில் கிடக்கும். திரும்பப் பூட்டும்போதுதான் ஜுல்பிகார் கான் ஆகிவிடுவார். 2025-இல் யுனெஸ்கோ செஞ்சிக் கோட்டையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அண்ணனைச் சேர்க்காதது அவர்கள் கவனக்குறைவு.

கடைசியில் ஒர்க்ஷாப் பையன் வருவான். இருபது வயதிருக்கும்.

“கயிறு இழுக்கவே வரலைடா தம்பி. எஞ்சினே ஜாம். அதான் கார்புரேட்டரை...”

“கொஞ்சம் தள்ளுங்கண்ணா.”

பையன் தண்ணீர் பீய்ச்சும் கன்னை எடுத்து ட்ரிகரை ஒரு தடவை அழுத்துவான். பம்புக்குள் சிக்கியிருந்த பிரஷர் புஸ்ஸென்று வெளியேறும். கயிறு இப்போது சுளுவாக வரும். ஆனாலும் எஞ்சின் பிடிக்காது. அண்ணன் முகத்தில் ஒளி படரும். பையன் சுற்றுமுற்றும் பார்ப்பான். மெஷின் நிற்பது பாறைச் சரிவில். ஆயில் குறைந்தால் எஞ்சினைத் தானாக நிறுத்திவிடும் ஏற்பாடு சில எஞ்சின்களில் உண்டு. சரிவில் நிறுத்தினால் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, இருக்கிற ஆயிலும் இல்லாத கணக்கில் போய்விடும். மெஷினைச் சமதளத்துக்கு நகர்த்தி, சோக்கைப் போட்டு இழுத்தால் ரெண்டாவது இழுப்பில் பிடித்துக்கொள்ளும்.

கூட்டம் கலையும். அண்ணன் மட்டும் போகமாட்டார். மெஷினுக்குக் காது கொடுத்து, “சத்தம் வித்தியாசமா இருக்கே” என்பார். ஓடுகிற மெஷினை அவரால் மனசார மன்னிக்க முடியாது.

அவரிடமும் ஒரு பைக் உண்டு. அது மக்கர் செய்தால் ஸ்க்ரூ டிரைவர் பையை விட்டு வெளியே வராது. மினி வேனில் ஏற்றி நேராக விழுப்புரத்துக்கு, கம்பெனி சர்வீஸுக்கு. ஏன் இவ்வளவு செலவு என்று கேட்டால் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

“நம்ம ஊர்ல வண்டிய நிறுத்த முடியுதாப்பா? நின்னுச்சுன்னா போதும், கண்டவனும் வந்து கை வெக்கிறான்.”