பக்கத்து நாற்காலி

பாதுகையை வைத்து ஆண்ட பரதனுக்குப் பதினான்கு ஆண்டுகள் கிடைத்தன. அதிஷிக்கு வாய்த்தது ஐந்து மாதம். 2024 செப்டம்பர் 23 அன்று தில்லி தலைமைச் செயலகத்தில் முதலமைச்சராகப் பொறுப்பேற்கப் போனவர், பதவி விலகிய அர்விந்த் கெஜ்ரிவால் உட்கார்ந்த நாற்காலியில் உட்காரவில்லை. அதைப் பக்கத்தில் காலியாக விட்டுவிட்டு, தனக்கு வேறொன்றைப் போட்டுக்கொண்டார். பரதன் ராமனின் பாதுகையை வைத்து ஆண்டதுபோல் நானும் நான்கு மாதம் ஆள்வேன் என்று அறிவித்தார். படம்பிடிக்க வந்தவர்களுக்கு நல்ல வேட்டை: ஒரே சட்டகத்தில் ஒரு முதலமைச்சரும் ஒரு காலி நாற்காலியும். எது பதவி, எது மரச்சாமான் என்று பார்ப்பவர்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும்.

வனவாசம் போன ராமனை நமக்குத் தெரியும். ஜாமீனில் வெளிவந்து, கோப்பில் கையெழுத்துப் போடக்கூடாது என்ற நிபந்தனையோடு ஊருக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்த ராமனை வால்மீகி எழுதவில்லை. கம்பனுக்கும் தோன்றவில்லை.

தமிழ்நாட்டுக்காரர்கள் இதைப் பார்த்துச் சிரிக்க முடியாது. 2014இல் அழுதுகொண்டே பதவியேற்ற ஓ. பன்னீர்செல்வம் சட்டமன்றத்தில் ஜெயலலிதாவின் இருக்கையை வெறுமையாகவே விட்டுவைத்தார். ஒரு பெண்ணின் நாற்காலிக்கு ஓர் ஆண் காவல் இருந்தார் என்று நாம் வேண்டுமானால் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். தில்லியில் அது வழக்கமான முறைக்குத் திரும்பிவிட்டது, அவ்வளவுதான்.

இத்தனைக்கும் அதிஷி ஒன்றும் பஞ்சாயத்துக்குக் கைநாட்டு வைக்க அழைத்து வரப்பட்டவர் அல்ல. 1981இல் பிறந்தவர். அப்பா, அம்மா இருவரும் தில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள். செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரி, பிறகு ஆக்ஸ்ஃபோர்டு. அன்றைய கல்வி அமைச்சர் மனீஷ் சிசோடியாவுக்கு ஆலோசகராக மாதம் ஒரு ரூபாய் சம்பளத்தில் வேலை பார்த்தார். 2018 ஏப்ரலில் ஒன்றிய உள்துறை அமைச்சகம் ஆலோசகர் நியமனங்களை ரத்து செய்தபோது அந்த ஒரு ரூபாயும் போயிற்று. 2023இல் சிசோடியா சிறைக்குப் போன பிறகு அமைச்சர் பதவி வந்தது. கல்வி, மின்சாரம், பொதுப்பணி, நிதி, குடிநீர் என்று பத்துத் துறைகளுக்கு மேல் தலையில் ஏறின. ஆண்கள் வீட்டில் இல்லாதபோது அடுப்பு, கணக்கு, வாசல், கொல்லை எல்லாவற்றையும் யார் பார்ப்பார்கள்? கட்சிக்கும் அது தெரிந்திருந்தது. சாவியை மட்டும் இடுப்பில் செருகிக்கொள்ள விடவில்லை.

பெயரையும் விட்டுவைக்கவில்லை. மார்க்ஸிலிருந்து பாதி, லெனினிலிருந்து பாதி எடுத்துப் பெற்றோர் வைத்த பெயர் மார்லேனா. ஸ்டாலின் என்ற பெயரோடே ஒருவர் முதலமைச்சராக முடிந்த மாநிலத்தில் இதற்கு ஒருவரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். தில்லியில் அது கிறிஸ்தவப் பெயர், வெளிநாட்டுப் பெயர் என்று பரப்பினார்கள். 2019 நாடாளுமன்றத் தேர்தலுக்குத் தயாராகும்போதே, 2018இல், மார்லேனா பெயர்ப்பலகையிலிருந்து இறங்கிவிட்டது. அடுத்த புரளி: அவர் யூதர். அதற்குச் சிசோடியா சொன்ன மறுப்பைப் பாருங்கள். யூதராக இருந்தால் உனக்கென்ன என்று கேட்கவில்லை. அவர் முழுப்பெயர் அதிஷி சிங், அசல் ராஜபுத்ரப் பெண், ஜான்சி ராணி என்று சான்றிதழ் கொடுத்தார். மாற்று அரசியல் பேச வந்த கட்சி, வேட்பாளரின் சாதியைத் தானே துவைத்துக் கொடியில் காயப்போட்டது. அப்போதும் கிழக்கு தில்லியில் அவருக்கு மூன்றாம் இடம்தான்.

காயப்போட்டதை ஒருவர் எடுக்காமலா போவார்? 2025 ஜனவரியில் கல்காஜி தொகுதியில் அவரை எதிர்த்து நின்ற பாஜகவின் ரமேஷ் பிதூரி மேடையேறி, மார்லேனா இப்போது சிங் ஆகிவிட்டார், அப்பாவையே மாற்றிவிட்டார் என்றார். அதே நாட்களில்தான் தன் தொகுதிச் சாலைகளைப் பிரியங்கா காந்தியின் கன்னம்போல் ஆக்கிக் காட்டுவேன் என்றும் வாக்குக் கொடுத்தார். இவர் புதுமுகம் அல்ல. 2023இல் நாடாளுமன்றத்துக்குள்ளேயே சக உறுப்பினர் டேனிஷ் அலியை மதத்தைச் சொல்லி வசை பாடியவர். அதற்குக் கட்சி கொடுத்த தண்டனைதான் இந்தத் தொகுதி போலும். வயதான தந்தையை இழுத்துப் பேசியதைச் சொல்லும்போது முதலமைச்சர் செய்தியாளர்கள் முன் அழுதுவிட்டார். அழுதது நாடகமா என்று மறுநாள் விவாதம் நடந்தது. சொன்னது அயோக்கியத்தனமா என்று நடந்த விவாதம் அதைவிடச் சின்னது.

(நம் ஊரிலும் 2017இல் ஒரு நடிகரின் வாக்காளர் அட்டையைக் காட்டி 'ஜோசப்' என்று கண்டுபிடித்தார்கள். ஆகவே வடக்கத்திப் புத்தி என்று தள்ளிவிட வேண்டாம்.)

கல்காஜி வாக்காளர்கள் 3,521 வாக்கு வித்தியாசத்தில் பிதூரியை வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றே புது தில்லித் தொகுதியில் கெஜ்ரிவால் தோற்றார். பரதன் ஜெயித்தான், ராமன் வைப்புத்தொகையைத்தான் காப்பாற்றிக்கொண்டான். காலி நாற்காலி இப்போது எந்தக் கிடங்கில் கிடக்கிறதோ.

இதில் பாஜக மகிழ ஒன்றுமில்லை. 1998இல் தில்லியில் வெங்காய விலை ஏறி மக்கள் கொதித்தபோது, அக்கட்சி சாஹிப் சிங் வர்மாவை இறக்கிவிட்டு சுஷ்மா ஸ்வராஜைக் கொண்டுவந்து உட்காரவைத்தது. தேர்தலுக்கு வாரக்கணக்கில்தான் நேரம். கிணற்றின் ஆழம் பார்க்க ஊரான் பிள்ளையை இறக்குவார்கள் என்பார்கள். இவர்கள் வீட்டுப் பெண்ணையே இறக்கினார்கள். 52 நாள். பெரியார் சொல்கிற பொருளிலேயே அந்தப் பதவி வெங்காயம், உரித்துப் பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை. அப்போது வந்த ஷீலா தீட்சித் பதினைந்து ஆண்டு ஆண்டார். நாற்காலியில் உண்மையிலேயே உட்கார்ந்தவர் அவர்தான். ஆனால் அவர் மாமனார் பெரிய காங்கிரஸ்காரர் என்பதை எந்த வாழ்க்கைக் குறிப்பும் மறக்காமல் எழுதுகிறது.

இப்போது பாஜகவின் ரேகா குப்தா. 1996இல் தில்லிப் பல்கலைக்கழக மாணவர் சங்கத் தலைவர், பிறகு மாநகராட்சி உறுப்பினர், ஷாலிமார் பாகில் இரண்டு முறை தோற்று மூன்றாவது முறை வென்றவர். கீழிருந்து ஏறி வந்தவர். நாற்காலிக்குத் தகுதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பதவியேற்று இரண்டு மாதம் ஆகுமுன்பே அதிகாரிகள் கூட்டத்தில் அவர் கணவர் உட்கார்ந்திருக்கும் படம் வெளிவந்தது. கிராமத்தில் ஊராட்சித் தலைவரின் கணவர் நடத்துவதுபோல் தில்லி நடக்கிறதே என்று கேட்டவர் யார்? அதிஷி. காலி நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆண்டவர் கேட்கிறார், பக்கத்து நாற்காலியில் ஏன் ஆள் இருக்கிறது என்று! கெஜ்ரிவால் சிறையிலிருந்தபோது அவர் நாற்காலியில் உட்கார்ந்து மக்களுக்குச் செய்தி வாசித்தவர் அவர் மனைவி சுனிதா. அந்த நாட்களில் ஊராட்சி நினைவு யாருக்கும் வரவில்லை.

எழுபது பேர் கொண்ட சட்டமன்றம். 1998இல் ஒன்பது பெண்கள் இருந்தார்கள். 2025இல் ஐந்து பேர். இருபத்தேழு ஆண்டு முன்னேற்றத்தின் கணக்கு இது. மூன்றில் ஒரு பங்கு இடம் என்று 2023இல் நிறைவேறிய சட்டத்தில் தில்லியும் உண்டு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கட்டும், அப்புறம் தொகுதி மறுவரையறை, அப்புறம் பார்க்கலாம் என்று அதே சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். பந்தி விரித்தாயிற்று, நெல் விளைந்து வரட்டும் என்பதுபோல. சீட்டுக் கொடுக்க மனம் வராத கட்சிகளுக்கு நோட்டுக் கொடுக்க மட்டும் போட்டி. ஆம் ஆத்மி பெண்களுக்கு மாதம் 2,100 ரூபாய் என்றது, காங்கிரஸ் 2,500, பாஜகவும் 2,500. ஏலம் முடிந்து, மகளிர் தினத்தன்று 5,100 கோடிக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அன்றைக்கு ஒப்புதல்தான் வந்தது, பணம் வரவில்லை.

2024 அக்டோபரில் முதலமைச்சர் இல்லத்திலிருந்து அதிஷியின் சாமான்களை வெளியேற்றியபோது, அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து அவர் கோப்பில் கையெழுத்துப் போட்ட படம் நாடெங்கும் போயிற்று. வருத்தமான படம்தான். எட்டு மாதத்தில் இன்னும் நிறையப் பெட்டிகள் தெருவுக்கு வந்தன. பாராபுல்லா வடிகாலோரம் இருந்த மதராஸி கேம்ப், நம் விழுப்புரம், சேலத்துக்காரர்கள் பல பத்தாண்டுகளாகக் குடியிருந்த இடம், உயர் நீதிமன்ற ஆணைப்படி 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. 370 வீடுகள். மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றவை 189. நீதிமன்ற உத்தரவை யாரும் மீற முடியாது என்று முதலமைச்சர் ரேகா குப்தா சொல்லிவிட்டார். அங்கிருந்த பெண்களில் பலர் ஜங்புராவிலும் நிஜாமுதீனிலும் வீட்டுவேலை செய்தவர்கள். அரசு காட்டிய வீடு நரேலாவில், ஊரின் வட கோடியில்.

விடிவதற்கு முன் நரேலாவில் பேருந்து ஏறினால்தான் ஜங்புராவில் பாத்திரம் தேய்க்க நேரத்துக்கு வர முடியும். தில்லியில் பெண்களுக்குப் பேருந்து இலவசம், 2019இல் கெஜ்ரிவால் கொண்டுவந்தது. உட்கார இடம் கிடைப்பது அன்றன்றைய அதிர்ஷ்டம்.