பிரித்து எடுக்கும் ஓட்டல்

கோவாவில் நடந்துகொண்டிருக்கும் உணவகம் ஒன்றை விலைக்கு வாங்க உகந்த நேரம் டிசம்பர் கடைசி வாரம். பாகா கடற்கரையில் அப்போது நாற்காலி காலியாக இருக்காது; வஞ்சிரம் வறுவலுக்கு வரிசை நிற்கும். அந்த வார வசூலை 52ஆல் பெருக்கினால் ஆண்டு வருமானம். இதற்கு ஆடிட்டர் எதற்கு?

ஜூனில் மழை வரும். ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. பெய்கிற ஊர். மழையிலும் பசிக்கும் அல்லவா?

மணலில் நிற்கும் மூங்கில் குடில் இன்னும் உத்தமம். சுற்றுலாத் துறை குலுக்கலில் உரிமம் தருகிறது. மே 31க்குள் பிரித்துவிட வேண்டும். மழைக்காலப் பராமரிப்புச் செலவு அறவே கிடையாது, பராமரிக்கக் கடைதான் இல்லையே! மூங்கிலும் ஃப்ரிட்ஜும் குடோனில் ஓய்வெடுக்கும். சமையற்காரர் ஊருக்குப் போவார். அக்டோபரில் திரும்பினாலும் திரும்புவார்.

இத்தனை லாபத்தை விற்பவர் ஏன் விடுகிறார்? பிள்ளைகள் படிப்பாம். தியாகி.

பணம் கைமாறிய பிறகுதான் விதிகளைப் படிக்க நேரம் கிடைக்கிறது. குடில் உரிமத்தை அடுத்தவருக்கு உள்குத்தகைக்கு விடக் கூடாது, விட்டால் சீல். ஆக, வாங்கியவருக்கு மிஞ்சியவை பிளாஸ்டிக் நாற்காலிகளும் ஒரு பெயர்ப்பலகையும். அடுத்த குலுக்கலில் தாராளமாகச் சீட்டுப் போடலாம். அதற்குக் கோவாக்காரராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.